கீழ நிக்கிறவன் யாருடா?

செஞ்சிக்குப் பாறை ஏறப் போறீங்களாமே பேராண்டி? நல்ல காரியம், போய்ட்டு வாங்க. கத்திரி வெயில் உச்சத்துல நிக்குது. தெருநாய் கூட திண்ணை நிழலை உட்டு வெளிய வரமாட்டேங்குது. கருங்கல்லைக் கையால தொட்டுப் பாக்க இதைவிட நல்ல நாள் ஆப்புடுமா? போவும்போது நாலு முட்டை எடுத்துனு போங்க. அடுப்பு வாணாம். பாறை மேல உடைச்சி ஊத்திட்டு உக்காந்தா அதுவே வேவ வச்சிக் குடுக்கும்.

மொறைக்காத. நான் தடுக்கல. தவளக்குப்பத்துல பொறந்தவனுக்கு மலைன்னா ஆசை வரத்தான் செய்யும். நம்ம ஊர்ல ஒசரமா இருக்கிறது ரெண்டே ரெண்டு: ஒண்ணு தண்ணி டேங்கு, இன்னொண்ணு தென்னமரம். அரியாங்குப்பம் ஆத்துல இருந்து பாகூர் ஏரி வரைக்கும் பூமி தட்டையாப் படுத்துக் கெடக்குது. புதுச்சேரி பீச்சு ரோட்டுல தலைமைச் செயலகத்துக்கு எதுர நீங்க உக்காந்து போட்டோ புடிக்கிறீங்களே, அந்தக் கருங்கல்லு கூட கடல் அரிப்புக்குப் பயந்து லாரில கொண்டாந்து கொட்டினதுதான். காந்தி செலையைச் சுத்தி நிக்குதே செதுக்கின தூணுங்க, அதுவும் செஞ்சி வெங்கட்ரமணர் கோயில்ல இருந்து பிரெஞ்சுக்காரன் தூக்கியாந்ததுன்னுதான் சொல்றாங்க. செஞ்சிக்குப் போவாமயே செஞ்சிக் கல்லைத் தடவிப் பாக்கிற பாக்கியம் நமக்கு மட்டுந்தான். உங்களுக்கு அது போதல. சரி.

எங்க, வாங்கின சாமானெல்லாம் எடு பாக்கலாம். இது இன்னா, ஷூவா? ரெண்டு நம்பர் சின்னதா இருக்குது, வெரலு மடங்குது. அப்பிடித்தான் போடணுமா? நாலாயிரமா? ஆவட்டும். நான் மரம் ஏறினப்ப காலுக்கு ஒரு தளைக்கயிறு, இடுப்புல ஒரு அரிவா. அவ்ளோதான். கயிறு திரிக்கத் தேங்கா நாரு, அதுவும் நான் பறிச்ச தேங்காதான். இந்தப் பையில இன்னா மாவு? சாக் பவுடரா? வேர்வைக்குப் பூசிக்கிறதா? அதுல எனக்குச் சண்டையில்ல. ஜிம்னாஸ்டிக் பண்றவங்க கம்பியைப் புடிக்க மெக்னீசியம் கார்பனேட்டைக் கையில தேச்சிக்குவாங்களாம். ஜான் கில்னு ஒரு அமெரிக்கக்காரரு, கணக்கு வாத்தியாரு, அவரும் ஜிம்னாஸ்டிக் பழகினவரு, 1950கள்ல அதைப் பாறைக்குக் கொண்டாந்தாராம். நாங்க மண்ணை அள்ளித் தேச்சிக்குவோம். மண்ணுக்கு ஜிஎஸ்டி இல்ல.

இதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்னு பாக்குறியா? எதுத்த தெரு சொல்தா வூட்டுப் பையன், அதான் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரு வூட்டுப் பையன், பாரீசுல இருக்கான் இல்ல, லீவுக்கு வந்தா என் திண்ணையிலதான் கெடப்பான். அவன் சொன்னான், பாரீசுக்குத் தெக்க ஒரு 60 கிலோமீட்டர்ல ஃபோந்தேன்புளோன்னு ஒரு காடு இருக்குதாம். காடு பூரா ஆள் ஒசரம், ரெண்டாள் ஒசரத்துக்கு மணற்கல்லு உருண்டு கெடக்குதாம். ஆல்ப்ஸ் மலை ஏறுறவங்க ஞாயித்துக்கெழமை அங்க போயி பழகுவாங்களாம். அப்புறம் மலையை மறந்துட்டு அந்தக் குண்டுக்கல்லுலயே விழுந்து கெடந்தாங்க. கயிறு கெடையாது, கொக்கி கெடையாது, வெறுங்கை. நீங்க போல்டரிங் போல்டரிங்குறீங்களே, அதுக்கு அந்தக் காடுதான் பெரிய வாத்தியாரு. பியர் அலன்னு ஒருத்தரு 1930கள்ல அங்க ஏறி ஏறியே, வழுவழுன்னு ரப்பர் அடி வச்ச ஷூவைக் கண்டுபுடிச்சாரு. உன் நாலாயிரத்துக்கு அவருதான் பாட்டன்.

ஆக பாரீசுக்காரனுக்கு 60 கிலோமீட்டர்ல ஃபோந்தேன்புளோ. புதுச்சேரிக்காரனுக்கு 70 கிலோமீட்டர்ல செஞ்சி. அவன் கிட்ட இருந்து நாம நகராட்சிக்கு மெரின்னு கத்துக்கிட்டோம், பத்திரம் எழுத நோட்டேரைக் கத்துக்கிட்டோம், பகேத் ரொட்டியைக் கூடக் கத்துக்கிட்டோம். இதை மட்டும் ஏன் உட்டோம்னு தெரியல. ஆனா ஒண்ணு கேளு: அந்த வெள்ளைக்காரன் கூட வெயில் காலத்துல பாறையைப் புடிக்க யோசிப்பானாம். குளிரும் காய்ஞ்ச காத்தும் வந்தாத்தான் கல்லு கையைப் புடிக்கும், சூடுன்னா கை வேர்க்கும், ரப்பர் இளகும், புடி நழுவும்னு காத்துனு இருப்பானாம். அவன் ஊர் வெயிலு நமக்கு மார்கழி. அதுக்கே அந்தப் பயம். நீங்க மே மாசத்துல செஞ்சிக்குக் கெளம்புறீங்க. வீரனுங்கடா!

ஹம்பிக்குக் கூட ஊர் உலகமெல்லாம் வந்து ஏறுது. கிறிஸ் ஷர்மான்னு ஒரு அமெரிக்கப் பையன் கூட்டாளிங்களோட வந்து ஏறினதை 2003ல படமா எடுத்துப் போட்டாங்க, அதுல இருந்து கூட்டம் அதிகமாச்சி. அவங்களும் நவம்பர்ல வந்து பிப்ரவரியோட மூட்டையைக் கட்டிருவாங்க. ஏப்ரல், மே மாசத்துல அந்தப் பாறையில பல்லிதான் ஏறும்.

அப்பவும் போயே தீருவேன்னா ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. பதநீர் எறக்குறவன் மட்டமத்தியானத்துல பனை ஏறி நீ பாத்திருக்கியா? விடியறதுக்கு முன்ன ஒரு ஏத்தம், சாயங்காலம் ஒரு ஏத்தம். நடுவுல நெழல்ல படுத்துக் கெடப்பான். சோம்பேறின்னு நெனைச்சியா? நீயும் ராத்திரி மூணு மணிக்குக் கெளம்பு. முருங்கப்பாக்கம் தாண்டி, கோரிமேடு தாண்டி, திண்டிவனத்துல டீ. கெழக்கு வெளுக்கும்போது பாறைகிட்ட இருக்கணும். ஒம்போது மணிக்கு ஷூவைக் கழட்டி மூட்டை கட்டிடு. சாயங்காலம் ஏறிக்கலாம்னு நெனைக்காத, பகல் பூரா குடிச்ச சூட்டைக் கருங்கல்லு பொழுது சாஞ்சப்புறந்தான் கக்கும். பனை அப்பிடி இல்ல, பனைக்கு ஈரம் இருக்குது.

தண்ணி? ஆளுக்கு ஒரு பாட்டிலா? ஆறு பேருக்கு ஆறு லிட்டரு. பலே. அதுல ரெண்டு லிட்டரைத் தலையில ஊத்திப்பீங்க, ஒண்ணைக் கொரங்கு புடுங்கிட்டுப் போவும். மிச்சத்தைச் சண்டை போட்டுக் குடிங்க. மோரு உப்புப் போட்டு எடுத்துனு போங்கடா. வழியில நுங்கு விப்பாங்க. தலை சுத்துது, வேர்வை நின்னு போச்சி, ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது, ஒருத்தன் சம்பந்தம் இல்லாமப் பேசுறான்னா, அவன் வழக்கமாவே அப்பிடித்தான்னு உட்றாத. நெழலுக்குத் தூக்கு, துணியை நனைச்சிப் போத்து, 108க்கு அடி. இது ஒண்ணுல மட்டும் கெழவன் வெளையாடல.

எந்தப் பாறையில ஏறப் போறீங்க? கோட்டையிலயா? அப்பிடிப் போடு. அது தொல்லியல் துறை காவல்ல இருக்கிற கோட்டை. 2025 ஜூலையில யுனெஸ்கோக்காரங்க மராட்டியர் காலத்துக் கோட்டைங்க 12ஐ உலக பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க. அதுல 11 மகாராஷ்டிரத்துல, தமிழ்நாட்டுல இது ஒண்ணுதான். அந்தக் கோட்டைப் பாறையில நீ மாவு அப்பிட்டு பல்லி மாரி ஒட்டினு நின்னா, காவக்காரரு வந்து விசிலு ஊதுவாரு. எறங்க வழி தெரியாம நீ முழிப்ப, கூட வந்தவன் அதையும் வீடியோ எடுப்பான். கோட்டைக்குள்ள படியில ஏறு. அதுல ராஜகிரி மலை ஒசரம் 800 அடிகிட்ட வரும், படி இருந்தும் நாக்கு தள்ளும். அதை முடிச்சிட்டு வந்து பேசு. சொவத்துல இதயம் போட்டுப் பேரு எழுதாத, அந்தப் பொண்ணு அடுத்த வருசம் வேற ஒருத்தனோட வந்து பாக்கும்.

வெளிய, ரோட்டோரம், வயக்காட்டுக்கு நடுவுல குண்டுக்கல்லு எத்தினியோ கெடக்குது. அதுலயும் நெலத்துக்காரரு ஒருத்தரு இருப்பாரு. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க. எதுக்குடா கல்லு மேல ஏறுறீங்கன்னு அவரு சிரிப்பாரு, சிரிக்கட்டும். கல்லுல மஞ்சளும் குங்குமமும் இருந்தா அது உன் பாறை இல்ல, முனீசுவரன் பாறை. ஷூவும் செருப்புதான். பக்கத்துலயே திருநாதர்குன்றுன்னு ஒண்ணு இருக்குது, தெரியுமா? ஒரே பாறையில ரெண்டு வரிசையா 24 தீர்த்தங்கரருங்க. அங்க சந்திரநந்தின்னு ஒரு சமண ஆசிரியரு 57 நாளு சோறு தண்ணி உட்டு நோம்பு இருந்தே உசிரை உட்டதா கல்வெட்டு இருக்குது. ஆயிரத்து ஐநூறு வருசத்துக்குக் கிட்ட ஆயிப்போச்சி. நீங்க பத்து மணிக்குள்ள மூணு பொட்டலம் பிரியாணி பிரிக்கப் போற ஆளுங்க, அங்க போயி கையெடுத்துக் கும்புட்டுட்டு வந்துருங்க, கல்லைத் தொடாதீங்க.

இப்ப நான் கேக்க வந்ததைக் கேக்குறேன். ஆறு பேரு போறீங்க. யாரு மேல ஏறுறது? எல்லாரும் கையைத் தூக்குறீங்க. சரி. கீழ நிக்கிறவன் யாருடா?

பாத்தியா, ஒருத்தனும் வாயத் தொறக்கல.

நான் மரம் ஏறும்போது கீழ ஒருத்தனும் நிக்கக் கூடாது. தேங்கா விழும், மட்டை விழும், அரிவா கூட நழுவும். தள்ளி நில்லுடான்னு கத்திக்கினே ஏறுவோம். உன் போல்டரிங் அதுக்கு நேர் எதிரு. கயிறு இல்லாததால கீழ நிக்கிறவன்தான் கயிறு. அந்த எதுத்த தெருப் பையன் எனக்கு இந்தத் திண்ணையிலயே நிக்க வச்சிக் காட்டினான். ஒரு காலு முன்ன, ஒரு காலு பின்ன. ரெண்டு கையும் மேல, முழங்கை லேசா மடங்கி. கட்டை வெரலைப் பிரிச்சி வைக்கக் கூடாது, உள்ள சேத்து வைக்கணும், இல்லன்னா விழறவன் ஒடம்பு பட்டு வெரலு பேந்துடும். கண்ணு ஏறுறவன் கை மேல இருக்கக் கூடாது, இடுப்பு மேல இருக்கணும், ஏன்னா இடுப்புதான் எந்தப் பக்கம் விழப் போறான்னு மொதல்ல சொல்லும். சினிமாவுல கதாநாயகியத் தாங்குற மாரி ரெண்டு கையிலயும் ஏந்திக்கிறதுக்கு ஆசைப்படாத. எழுபது கிலோ விழுந்தா ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி. அவன் முதுகைத் தள்ளிக் காலு முன்ன மெத்தையில படுற மாரி திருப்பி உடணும், தலை கல்லுல அடிபடாமப் பாத்துக்கணும். அவ்ளோதான் வேலை. பேரும் கெடையாது, புகழும் கெடையாது, போட்டோவுல முதுகு மட்டுந்தான் தெரியும்.

அதான் எவனும் வரமாட்டேங்குறீங்க.

செஞ்சியே எப்பிடி விழுந்துதுன்னு நெனைக்கிற? மூணு மலை, ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூணையும் சேத்துச் சுத்தி மதிலு. ராஜகிரி உச்சிக்குப் போறதுக்கு முன்ன கெடுகெடுன்னு ஒரு பள்ளம், அதுக்கு மேல ஒரு மரப்பாலம். பாலத்தை எடுத்துட்டா மேல இருக்கிறவனை எவனும் தொட முடியாது. 1677ல சிவாஜி வந்து புடிச்சாரு. அவரு புள்ள ராஜாராம் 1689ல இங்க வந்து ஒளிஞ்சாரு. அவுரங்கசீப்போட தளபதி ஜுல்பிகர் கான் 1690ல கோட்டையச் சுத்தி வளைச்சி உக்காந்தான். 1698லதான் புடிச்சான். எட்டு வருசம்! அதுக்குள்ள ராஜாராம் தப்பிச்சிப் போயாச்சி. கான் வேணும்னே கண்ணை மூடினு உட்டுட்டான்னு அப்பவே பேச்சி. கீழ நிக்கிறவன் மனசு வச்சா இன்னா ஆவும்னு பாத்துக்க.

எட்டு வருசம் நின்ன அதே கோட்டையை 1750 செப்டம்பர்ல புஸ்ஸின்னு ஒரு பிரெஞ்சுக்காரன் ஒரே ராத்திரியில புடிச்சிட்டான். பண்ருட்டிகிட்ட திருவதிகையில தோத்து ஓடியாந்த நவாப் படைதான் உள்ள இருந்துது. ராத்திரியோட ராத்திரியா வெடி வச்சி வாசலை உடைச்சி, இருட்டுலயே மலை மேல ஏறிட்டானுங்க. விடிஞ்சா மூணு மலையிலயும் பிரெஞ்சுக் கொடி. பாறை அதே பாறைதான், மதிலும் அதே மதிலுதான், உருகியா போச்சி? காவல் நிக்க வேண்டியவன் இடிஞ்சிப் போயி நின்னான், அதான் சங்கதி. நம்ம புதுச்சேரி பீச்சுக்கு அந்தத் தூணுங்க வந்த வழி இதான். அப்புறம் அங்க இருந்த பிரெஞ்சுப் படையையும் செஞ்சிக் காச்சலு வாரிக்கிச்சி, 1761ல இங்கிலீஷ்காரன் வந்து தொரத்தினான். அது வேற கதை.

உங்க கூட்டத்துல கீழ நிக்கப் போறவன் இன்னா பண்ணுவான்னு எனக்குத் தெரியும். ஒரு கை மேல தூக்கியிருக்கும், இன்னொரு கையில போனு இருக்கும். ரீல்ஸு. மேல இருக்கிறவன் வழுக்குற அந்த நொடிக்கு இவன் பாட்டு தேடினு இருப்பான். வீடியோ நல்லா வரும், ஒத்துக்கிறேன். கணுக்காலு திரும்புற சத்தம் கூடத் தெளிவாக் கேக்கும். லட்சம் பேரு பாப்பாங்க, நீ புத்தூர் கட்டு போட்டுனு ஆறு வாரம் படுத்துனு அதை எண்ணினு இருக்கலாம்.

இன்னொண்ணு, பாட்டியோட இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி வச்சிருக்கீங்களே, அதை எடுத்த எடத்துல வைங்க. கிராஷ் பேடுன்னு காசு குடுத்து விக்கிறானே அதுல மேல கெட்டி நுரை, கீழ மெத்து நுரை. மேல கெட்டியா இருக்கிறது காலைப் புதைய உடாது, கீழ மெத்துன்னு இருக்கிறது அடியைக் குடிச்சிடும். இலவம்பஞ்சுல காலு புதையும், ஒடம்பு சாயும், கணுக்காலு மட்டும் நேரா நிக்கும். பாட்டிக்கு மெத்தையும் போச்சி, உனக்குக் காலும் போச்சி. வாடகைக்குக் கெடைச்சா ரெண்டு எடுத்துனு போங்க, ரெண்டுக்கும் நடுவுல சந்து உடாம ஒட்டிப் போடுங்க. விழும்போது கையைப் பின்னால ஊணாத, மணிக்கட்டு போயிடும். முட்டியை மடக்கி விழுந்து அப்பிடியே பின்னால உருண்டுடு.

மேல போனா எறங்குற வழி எதுன்னு ஏறுறதுக்கு முன்னயே பாறையை ஒரு சுத்து சுத்திப் பாத்துக்க. மரத்துல அந்தத் தொல்லை இல்ல, ஏறின வழியேதான் எறங்கணும். குண்டுக்கல்லுல முன்பக்கம் கஷ்டம், பின்பக்கம் சரிவா இருக்கும்னு நம்பிப் போவ. மேல நின்னு பாத்தா ரெண்டு பக்கமும் ஒரே மாரி செங்குத்தா இருக்கும். அப்புறம் தீயணைப்பு வண்டி வரணும். செஞ்சி பேப்பர்ல உன் பேரு வரும், ஊரு தவளக்குப்பம்னு போட்டுருவான், எங்க மானம் போயிடும்.

ரெண்டு பொண்ணுங்களும் வராங்களாமே? அவங்ககிட்ட கொஞ்சம் கத்துக்கோங்க. நீங்க கையால தொங்கித் தோளைக் கிழிச்சிக்குவீங்க, அவங்க காலைப் பாத்து வச்சி ஏறுவாங்க. அதான் மொறை. மரமானாலும் பாறையானாலும் ஏறுறது காலு. கை, ஒட்டிக்கிறதுக்குத்தான். அவங்க மேல போயி நின்னதும், எனக்கு ஷூ சரியில்லன்னு நீ சொல்லப் போற பாரு, அதைக் கேக்கவாச்சும் நான் வரணும்.

கொரங்கைச் சொல்ல மறந்துட்டேன். செஞ்சிக் கொரங்குக்குப் பயம் கெடையாது, பையோட ஜிப்பைத் தொறக்கத் தெரியும். அதைத் தொரத்தாத, அது ஏறுறதைப் பாரு. சித்ரதுர்க்கா கோட்டைச் சொவத்துல கயிறு இல்லாம ஏறி எறங்குறாரே ஜோதிராஜ், நம்ம தேனிப் பக்கத்துல பொறந்தவரு, பொழைப்புக்குக் கன்னட நாட்டுக்குப் போனவரு, அவரு கொரங்கைப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்னு சொல்றாரு. ஊருல அவரைக் கொரங்கு ராஜான்னே கூப்புடுறாங்க. அவரைப் பாத்துட்டு நானும் சொவரு ஏறுறேன்னு கெளம்பாத. அவரு கூலி வேலைக்குப் போனவரு, நீ வேலைக்குப் போவாதவன். பாறை இடுக்குல அப்பிடியே மேல பாத்துக்க, மலைத்தேனு கூடு தொங்கும். சென்ட்டு அடிச்சினு போவாத, கத்தாத. அது ஒண்ணு வந்தா ஆயிரம் வரும், அப்ப எறங்குற வழி எதுன்னு யோசிக்க நேரம் இருக்காது.

பையில ஒரு பாட்டிலு சத்தம் கேக்குதே? மோரா? நம்ம ஊருல சரக்கு வெலை கொறைச்சல்தான், தெரியும். திண்டிவனம் ரோட்டு செக்போஸ்ட்டுல அதைவிடக் கொறைச்சலா உட மாட்டாங்க. தப்பிச்சிப் போனாலும், அதைக் குடிச்சவன் ஏறவும் கூடாது, கீழ நிக்கவும் கூடாது. அவன் வண்டிக்குக் காவல் இருக்கட்டும். ஆறு பேருல அப்பிடி ரெண்டு பேரைக் கழிச்சிட்டா மீதி நாலு. ஒருத்தன் ஏறினா மூணு பேரு கீழ. கணக்கு சரியா வருது இல்ல?

அந்த மூணு பேருல நேரா உன் முதுகுக்குக் கீழ யாரை நிக்க வைக்கிறதுன்னுதான் இப்ப யோசிக்கணும். உசிரு சிநேகிதனை நிக்க வைக்காத. அவன் நீ விழுந்தா சிரிச்சிட்டுத்தான் தூக்குவான். உனக்குக் கடன் குடுக்க வேண்டியவனைக் கிட்டக்கயே சேக்காத, அவன் கண்ணை மூடிக்குவான், ஜுல்பிகர் கான் கணக்கா. நீ எவன்கிட்ட வாங்கினு திருப்பித் தரலியோ, போன தீபாவளிக்கு பைக் டயருக்குன்னு மூவாயிரம் வாங்கினியே, அவனைக் கூப்புடு. அந்த மூவாயிரம் கைக்கு வர்ற வரைக்கும் உன்னைக் கீழ விழ உடமாட்டான். செஞ்சிக்குப் போறதுக்கு முன்ன மட்டும் தயவு பண்ணி அந்தக் கடனை அடைச்சிடாத.